இலாபக் கணக்கும் கமக்காரனும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



விதைப்பு, பசளையிடல், பீடைகளைத் தடுத்தல் ஆகியவற்றைப் பற்றிப் பலமுறை பேசியுள்ளோம். செய்யப்போகும் பயிர் கைக்கு மிச்சம் தருமா என்பதை விதைப்பதற்கு முன்னரே கணித்தறியும் வழியைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். பள்ளிக்கூடத்திற் படித்த எளிய அட்சரகணிதமே இதற்குப் போதும்.

விற்ற விலையிலிருந்து செலவைக் கழித்தால் வருவது இலாபம். அந்த இலாபம் விற்ற விலையில் எத்தனை பங்கு என்பதே இலாப வீதம்.

இலாப வீதம் = (விலை − செலவு) ÷ விலை

ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு 80 ரூபா செலவாகி, அது 100 ரூபாவிற்கு விலைப்பட்டால், இலாபம் 20 ரூபா. வீதம் நூற்றுக்கு 20, அதாவது 0.20.

இச்சூத்திரம் விற்றுத் தீர்ந்தபின் நடந்ததைச் சொல்லுமேயன்றி, இனிச் செய்யவேண்டியதைச் சொல்லாது. ஆகவே அதைத் திருப்பி அமைத்தல் வேண்டும். சமன்பாடு ஒரு தராசு போன்றது. ஒரு தட்டில் எதைச் செய்தாலும் மறு தட்டிலும் அதையே செய்தால் முள் அசையாது. முதலில் இரு பக்கத்தையும் விலையாற் பெருக்குவோம்.

வீதம் × விலை = விலை − செலவு

அடுத்து, செலவை ஒரு பக்கமாகவும் மற்றவற்றை மறு பக்கமாகவும் கொண்டுவருவோம்.

செலவு = விலை × (1 − வீதம்)

இரு பக்கத்தையும் (1 − வீதம்) என்பதால் வகுத்தால் விலை தனித்து நிற்கும்.

விலை = செலவு ÷ (1 − வீதம்)

விலையை நாமே சொல்லி விற்கும்போது கடைசிச் சூத்திரம் பயன்படும். செலவு 80 ரூபா, நூற்றுக்கு 20 இலாபம் வேண்டும் என்றால், பலர் 80 ரூபாவில் நூற்றுக்கு 20ஐக் கூட்டி 96 ரூபா என்பர். அது தவறு. 96 ரூபாவிற்கு விற்றால் இலாபம் 16 ரூபா; அது விலையில் ஆறில் ஒரு பங்கே. சரியான விலை 80 ÷ 0.80, அதாவது 100 ரூபா. சந்தையில் கழிவு என்று நிறையில் நூற்றுக்கு 10 குறைப்பார்களாயின், 100 ரூபாவை மேலும் 0.90ஆல் வகுத்தல் வேண்டும். அப்பொழுது கேட்கவேண்டிய விலை ஏறக்குறைய 111 ரூபா.

ஆனால் நெல்லுக்கோ மரக்கறிக்கோ விலையை நாம் சொல்வது அரிது. பிறர் சொல்வதே வழக்கம். அவ்வேளையில் நம் கையில் உள்ளது செலவு ஒன்றே. அதற்கு உரியது நடுச் சூத்திரம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவை உத்தரவாத விலையாக அறிவித்தது. அவ்விலையில் நூற்றுக்கு 25 இலாபம் வேண்டுமாயின், ஒரு கிலோவிற்குச் செலவு 120 × 0.75, அதாவது 90 ரூபாவைத் தாண்டலாகாது. ஏக்கருக்கு 1,800 கிலோ விளையும் வயலாயின், செலவின் எல்லை 90 × 1,800, அதாவது 1,62,000 ரூபா. விதைநெல் வாங்குமுன் இத்தொகையைக் குறித்து வையுங்கள். உழவு, பசளை, களைநாசினி, கூலி, அறுவடை இயந்திரம், ஏற்றுக்கூலி யாவும் இதற்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிடின் எதைக் குறைக்கலாம், எவ்வளவு நிலத்திற் செய்யலாம் என்று தீர்மானிக்க அப்பொழுதுதான் காலம் உண்டு.

விளைச்சல் குறைந்தால் என்னவாகும்? அதே 1,62,000 ரூபாவைச் செலவிட்டு 1,500 கிலோ மட்டும் கிடைத்தால், கிலோவிற்குச் செலவு 108 ரூபாவாகும். இலாப வீதம் நூற்றுக்கு 10ஆக இறங்கும். 1,350 கிலோவாயின் செலவு 120 ரூபா, இலாபமே இல்லை. விளைச்சலில் காற்பங்கு குறைந்தவுடன் காற்பங்கு இலாபம் முழுவதும் போய்விடுகிறது. விளைச்சல் குறையாமல் விலை 90 ரூபாவாக வீழ்ந்தாலும் முடிவு இதுவே. ஆதலால் கணக்குப் போடும்போது நல்ல போகத்து விளைச்சலைக் கொள்ளாது, கடந்த சில போகங்களின் சராசரியைக் கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. பணமாகக் கொடாதவையும் செலவே. வீட்டார் செய்த வேலை, சொந்த விதை, குத்தகைக்காகக் கொடுக்கும் நெல் ஆகியவற்றுக்கும் பெறுமதி வைத்து எழுதுங்கள். நகையை அடகு வைத்துப் பயிர் செய்தால் அந்த வட்டியையும் சேருங்கள். இவற்றை விட்டுவிட்டால் கணக்கில் இலாபம் தெரியும். நகையோ அடகுகடையிலேயே இருக்கும்.

ஆகவே கமக்காரர்களே, வீட்டிற் படிக்கும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். அடுத்த போகத்துக்கு எதிர்பார்க்கும் விலை, சராசரி விளைச்சல், வேண்டிய வீதம் ஆகிய மூன்றையும் எழுதிச் செலவின் எல்லையைக் கண்டபின் வயலில் இறங்குங்கள். கணக்கிற் சந்தேகம் ஏற்பட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டுங்கள்.