வானத்திலிருந்து விழும் ஒற்றைத் துகள்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



"காஸ்மிக் கதிர்களைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே, கூலி உயர்வைப் பற்றிப் பேசக் கூடாதா?" என்று ஒரு தோழர் கேட்டார். அதை அடுத்த வாரம் பேசுவோம். நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன்.

1912-ல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறினார். உயரே போகப்போகக் கதிர்வீச்சு கூடிற்று. ஆகவே அது பூமியிலிருந்து கிளம்புவதல்ல, வானத்திலிருந்து வருவது என்று கண்டார். 1938-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் ஓஷே இன்னொன்றைக் கண்டார். ஒரே துகள் மேலே காற்றில் மோதி, கோடிக்கணக்கான துகள்களாகப் பெருகி, மழைபோலத் தரையில் இறங்குகிறது.

இவற்றில் மிகப் பெரிய சக்தி கொண்டவை உண்டு. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒன்று பதிவாயிற்று. ஐந்து கிலோ அரிசியை ஒரு மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைத் துகளில் இருந்தது! மனிதன் கட்டிய எந்த யந்திரமும் ஒரு துகளுக்கு இதன் அருகில்கூடச் சக்தி கொடுத்ததில்லை.

ஆனால் இவை மகா அபூர்வம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் நூறு வருஷம் காத்திருந்தாலும் ஒன்று விழுந்தால் அதிகம். நூறு வருஷம் யார் காத்திருப்பது? நிலத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அர்ஜெண்டினாவில் மலார்கே ஊருக்குப் பக்கத்து மேய்ச்சல் வெளியில், 3,000 சதுர கிலோமீட்டரில், 1,600-க்கு மேற்பட்ட தொட்டிகளை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் சுத்தமான தண்ணீர். துகள் தண்ணீரில் பாயும்போது மெல்லிய நீல ஒளி மினுங்கும். உள்ளேயிருக்கும் மூன்று ஒளிக்குழாய்கள் அதைப் பிடிக்கும். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. எந்தத் தொட்டியில் முதலில் மினுங்கிற்று, எதில் பின்னால் என்று பார்த்து, வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். நிலவில்லாத இரவுகளில் தொலைநோக்கிகள் காற்று ஒளிர்வதையே பார்க்கின்றன. நானூறுக்கு மேற்பட்ட பல தேச விஞ்ஞானிகள் கூடிச் செய்யும் வேலை இது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்ணீர்த் தொட்டிதான்.

ஒரு பெரிய தகராறும் நடந்தது. 1966-ல் அமெரிக்காவில் கிரெய்ஸன் ஒருபுறம், சோவியத் யூனியனில் ஸாட்ஸெபின், குஸ்மின் மறுபுறம், பனிப்போரின் நடுவில், தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். வெட்டவெளி முழுவதும் பரவிய நுண்ணலைகளில் மோதி, இத்தகைய துகள்கள் வழியிலேயே சக்தியை இழந்துவிடும். வெகுதூரத்திலிருந்து வந்து சேர முடியாது. ஆனால் ஜப்பானில் அகெனோ நிலையத்தார், அந்த வரம்பைத் தாண்டியவை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வருவதாகச் சொன்னார்கள். விதியே தப்போ என்று சந்தேகம் எழுந்தது. 2008-ல் யூட்டாவிலும் அர்ஜெண்டினாவிலும் எடுத்த அளவுகள் வெளிவந்தன. வரம்புக்கு மேலே எண்ணிக்கை சடாரென்று குறைவது தெரிந்தது. குறைவதற்கு அந்த மோதல் மட்டுந்தான் காரணமா, பிறப்பிடத்திலேயே சக்தி தீர்ந்துவிடுகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எங்கிருந்து வருகின்றன? நமது பால்வீதிக்கு வெளியிலிருந்து என்று 2017-ல் அர்ஜெண்டினாக் குழு காட்டிற்று. வெளியே எங்கே? 2021 மே 27-ல் யூட்டாவில் மறுபடி ஒரு பெரிய துகள் விழுந்தது. ஜப்பானியச் சூரியதேவியின் பெயரால் அமத்தெராசு என்று அழைக்கிறார்கள். அது வந்த திசையைப் பின்தொடர்ந்து பார்த்தால், அங்கே நட்சத்திர மண்டலங்கள் மிக அரிதான ஒரு வெற்றிடம்தான் இருக்கிறது.