பழைய இரும்பில் செய்த கோழி வண்டி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மைக் பிடிச்சுப் பேசறது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

வாசல்ல நிக்கிற கோழி வண்டியைப் பார்த்திருப்பீங்க. எப்படிச் செஞ்சீங்க, எவ்வளவு ஆச்சுன்னு காலையிலிருந்து கேக்கறீங்க. நல்லா வந்ததையும் சொல்றேன், நான் செஞ்ச தப்பையும் சொல்றேன்.

போன மகளிர் தின ஊர்வலத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு விழிப்புணர்வு வண்டி கொண்டு வரணும்னு கூட்டத்தில் சொன்னாங்க. டிராக்டர் வாடகை, துணி, பூ என்று கணக்குப் போட்டா எங்களுக்குக் கட்டுபடியாகல. அப்போ என் பெரிய பொண்ணு செல்லில் ஒரு வீடியோ காட்டினா. ஹைதராபாத்தில் விலங்குக் காட்சிசாலை பக்கத்தில் சுதா கார் மியூசியம் என்று ஒன்று இருக்கு. சுதாகர் என்பவர் பழைய இரும்புக் கடைச் சாமான்களை வைத்தே கார் செய்திருக்கார். கிரிக்கெட் பந்து மாதிரி, கேமரா மாதிரி, கத்தரிக்காய் மாதிரிகூட கார் இருக்கு. எல்லாம் ஓடுது. 2005-இல் 41 அடி 7 அங்குல உயரத்தில் மூணு சக்கர சைக்கிள் செய்து கின்னஸ் சாதனையும் பண்ணியிருக்கார். கத்தரிக்காய் ஓடினா கோழி ஓடாதான்னு எனக்குத் தோணுச்சு. எங்க குழுவில் பாதிப் பேர் முதல் கடன் வாங்கி வளர்த்தது கோழிதான்.

அந்த ஆசையில் முதல் தப்பு பண்ணேன். பழைய இரும்புக் கடையில் ஒரு மூணு சக்கர மிதிவண்டி கிடந்தது. தீர்மானம் போடாம 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "கோழி பொம்மை செய்யவா சேமிப்புப் பணம் போடறோம்?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அவங்க கேட்டது நியாயம். அன்னைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம்: சேமிப்பிலும் கடன் பணத்திலும் கை வைக்கக் கூடாது, செலவை ஆளுக்குக் கொஞ்சமாகத் தனியாகப் போடணும். வண்டி 1,200, வெல்டிங் 600, பெயிண்ட் 450, போல்ட் நட்டு 150. ஆக மொத்தம் 2,400 ரூபாய். 10 பேர் ஆளுக்கு 240 போட்டோம். பணம் போட முடியாத ரெண்டு பேர் வேலையாகச் செஞ்சு கொடுத்தாங்க. உண்மையில் அவங்க கொடுத்ததுதான் அதிகம்.

பழைய மொபெட் எஞ்சினை மாட்டிடலாமேன்னு பசங்க சொன்னாங்க. வெல்டிங் கடை அண்ணன் வேண்டாம்னுட்டார். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறதுக்கு மாறாக வண்டியை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது. அதனால மிதிக்கிற வண்டியாகவே வெச்சுக்கிட்டோம்.

உடம்புக்கு மூங்கில் தப்பையை வளைச்சுக் கட்டினோம். இறகுக்கு 15 கிலோ எண்ணெய் டின். டின்னை வெட்டினா விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அதனால ஒவ்வொரு இறகின் ஓரத்தையும் மடித்துத் தட்டினோம். ஓடு வேயற மாதிரி கீழேயிருந்து மேலே அடுக்கினா ஒண்ணு மேல ஒண்ணு படியும், தண்ணியும் உள்ளே இறங்காது. வாலுக்குப் பழைய சைக்கிள் மட்கார்டு. கொண்டைக்கு உடைஞ்ச சிவப்பு பக்கெட். கண்ணுக்கு ஸ்கூட்டர் ஹெட்லைட். மூக்கு, தேய்ஞ்சு போன மண்வெட்டி. பக்கத்தில் வெச்ச ஆறு முட்டையும் உடைஞ்ச ஹெல்மெட். அதில் வெள்ளை அடிச்சு, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098 என்று எழுதினோம்.

இப்போ ரெண்டாவது தப்பு. வர்ணம் அடிச்சு முடிக்கிற அவசரத்தில் பிரேக்கை நான் பார்க்கவே இல்லை. ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தோம். ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது முன் சக்கர பிரேக் அவ்வளவு பாரத்தைப் பிடிக்கல. திருப்பத்தில் உயரமான கோழி ஒரு பக்கமாகச் சாய்ஞ்சு வாய்க்காலில் விழுந்துடுச்சு. தடுக்கப் போன எங்க பெரியம்மாவுக்கு மணிக்கட்டு பிசகி, மூணு வாரம் கட்டு. அன்னைக்கு என் பையன் வண்டியில் உட்காரணும்னு அடம் பிடிச்சான். வேண்டாம்னு இறக்கி விட்டிருந்தேன். அதை நினைச்சு ராத்திரி பூரா தூக்கம் வரல.

ஊரில், "பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு பேசினாங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். விட்டுடலாம்னு நினைச்சேன். கையில் கட்டோட பெரியம்மாதான் கூட்டத்துக்கு வந்து சொன்னாங்க: "சாமி தேருக்கே முட்டுக்கட்டை போட ஆள் வேணும். முட்டுக்கட்டை இல்லாம தேரை யாராவது இழுப்பாங்களா? நீ இறக்கையை முதல்ல கட்டினே. அதான் தப்பு."

மறுபடி பிரிச்சோம். பின் அச்சைப் பிடிக்கிற கை பிரேக் ஒண்ணு வெல்டிங் பண்ணி மாட்டினோம். கோழியின் உயரத்தை ஒரு அடி குறைச்சோம். இரும்புச் சட்டத்தில் பாதியைக் கழட்டிட்டு மூங்கில் வெச்சோம். ரெண்டு பேர் கையில் கயிறு கட்டின முட்டுக்கட்டையோட கூடவே நடக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். அரிசி மூட்டை ஏத்தி அதே ஏரிக்கரையில் நாலு தடவை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஊர்வலத்துக்குக் கிளம்பினோம்.

ஊர்வலத்தன்னைக்குப் பிள்ளைகள் எல்லாம் கோழி பின்னாடியே ஓடி வந்துச்சுங்க. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தினப்போ, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பொண்ணு வந்து முட்டையில் இருந்த 1098-ஐ உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கிட்டா. யாருக்கு, எதுக்குன்னு நான் கேக்கல. அது ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாதுன்னு மட்டும் சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டா. 2,400 ரூபாய் அந்த ஒரு நிமிஷத்துக்கே தகும்னு, அன்னைக்கு என்னைக் கேள்வி கேட்ட அந்த அக்காவே சொன்னாங்க.

கோழி நாலு போல்ட்டில்தான் நிக்குது. கழட்டி வெச்சா வெறும் வண்டி. இப்போ வாரச் சந்தைக்கு எங்க குழுவின் காய்கறி அதில்தான் போகுது.

நீங்களும் செய்யணும்னா மூணு விஷயம் சொல்றேன். தீர்மானம் எழுதின பிறகு காசை எடுங்க. பிரேக்கைப் பார்த்த பிறகு வர்ணம் அடிங்க. குறை சொல்றவங்களையும் கூடச் சேர்த்துக்குங்க. எங்க முட்டுக்கட்டைக் கயிறு ஒண்ணைப் பிடிச்சு நடந்தது அந்த அக்காதான். இன்னொண்ணைப் பிடிச்சது எங்க வீட்டுக்காரர்.