பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு துயரம்
(வலங்கைமானில் மருத்துவ முகாம் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரை)





முகாமுக்கு வருவோரிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்ப்பதோடு, பி.ஹெச்.க்யூ-9 என்ற மனநலப் படிவத்தையும் நிரப்புகிறோம். 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட படிவம் அது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விசாரிக்க வேண்டும். திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ யாரை அனுப்புவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கிறோம்.

ஆனால் நாம் கேட்பது ஒன்று. அவர்கள் விளங்கிக்கொள்வது வேறொன்று.

இத்தா முடித்த ஒரு பெரியம்மாவிடம், "மனசு சோர்வா இருக்கா?" என்று கேட்டோம். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றார். எல்லாவற்றுக்கும் அதே பதில். மொத்தம் பூஜ்யம். எழுந்து போகும்போதுதான் சொன்னார்: "ராத்திரியானா நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல, மாத்திரை போடவும் பிடிக்கல."

அவர் பொய் சொல்லவில்லை. நலம் விசாரிக்கிறோம் என்று எண்ணி ரப்புக்கு நன்றி சொன்னார். கவலையைச் சொன்னால் ஈமான் குறைவு என்பார்களோ என்ற அச்சமும் நம்மவர்களிடம் உண்டு. மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் துயரத்தால் பார்வையையே இழந்தார்கள். துயரம் ஈமானுக்கு எதிரானதல்ல.

மறுபக்கமும் உண்டு. தூக்கம் கெடுகிறதா என்றால், தஹஜ்ஜுதுக்கு எழும் பெரியவர் "ஆமாம்" என்பார். மரணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு, "அவன் கூப்பிட்டா போகவேண்டியதுதானே" என்பார். அது மவுத்தை நினைவுகூர்வதாக இருக்கலாம். ஆனால், தற்கொலை ஹராம் என்பதால் உண்மையான எண்ணத்தை அந்தச் சொல்லுக்குள் மறைப்பவரும் உண்டு. "நீங்களே ஏதாவது செஞ்சுக்கலாம்னு தோணுச்சா?" என்று கனிவாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

ஆகவே, வீட்டார் முன்னிலையில் கேட்காதீர்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். இரண்டு வாரத்தை இரண்டு ஜும்ஆக்களைச் சொல்லி விளக்குங்கள். "எதனால அப்படி?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே ஓரத்தில் எழுதுங்கள். ஒன்பதாவது கேள்விக்கு "ஆம்" என்றால், மொத்த எண் எதுவானாலும், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மனாஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

நம்மிடம் சொல்லப்படும் வேதனை அமானிதம். அதைச் சரியாகக் கேட்டு, சரியாகச் சேர்ப்பிக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.