‘சண்டர்’: ஒரு கக்கற்சொல்லின் பிறப்பு

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொல்லாய்வுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். உண்டதை வாய்வழியே வெளித்தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு கொச்சைச் சொல்லைப் பற்றியே பேசப் போகின்றேன். “உணவு வேளைக்கு முன் பேசத்தக்க செய்தியா இது?” என்று நம் செயலாளர் முன்னரே குறும்பாகக் கேட்டார். சொல்லாய்வு செய்பவனுக்கு மணக்குஞ் சொல், நாறுஞ் சொல் என்னும் வேற்றுமை இல்லை. நோயாளியைப் பார்த்து மருத்துவன் மூக்கைப் பிடித்துக் கொள்வதுண்டா?

இதனை நான் எடுத்துக் கொண்டதற்கு ஒரு மடலே காரணம். தமிழ்ப்பற்றில் என்னினும் ஒருபடி மேலான இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். ‘சண்டர்’ என்னும் ஆங்கிலக் கொச்சைச்சொல் நம் ‘சிந்து’ என்னும் வினையடியாகப் பிறந்ததாம்; வயிற்றிலுள்ளது வெளியே சிந்துவதால் சிந்தர், சிந்தர் திரிந்து சண்டர் ஆயிற்றாம். இதனை உடனே நம் இதழில் வெளியிட வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். வெளியிடவில்லை. ஏன் வெளியிடவில்லை என்பதற்கு விடையே இவ்வுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனை ஏழெழுத்தால் எழுதுவர். மூன்றாம் எழுத்து ‘யு’. அதைக் கண்டு ‘சுண்டர்’ என்று படித்துவிடலாகாது. ‘சண்டர்’ என்பதே ஒலி. ஈற்றில் ‘ஆர்’ எழுத்து நின்றாலும் ஆத்திரேலியர் வாயில் அது ஒலிப்பதில்லை. ‘சண்ட’ என்பது போலவே காதில் விழும். வினையாகவும் பெயராகவும் வரும். அளவுமீறிக் குடித்தவன் சாலையோரத்தில் குனிந்து நிற்கின்றானே, அவன் செய்வது சண்டர். அங்கே கிடப்பதும் சண்டர். ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் இச்சொல் வழங்குகிறது. அமெரிக்கர் இதனை மிகுதியாக ஆள்வதில்லை; அவர்களுக்கு ‘பார்ஃபு’ முதலிய வேறு சொற்கள் உண்டு.

அச்சில் இச்சொல்லுக்கு அகரமுதலிகள் காட்டும் பழைய சான்று 1950ஆம் ஆண்டினது. இங்கிலாந்தில் பிறந்து ஆத்திரேலியாவில் குடியேறிய நெவில் சூட்டு என்னும் எழுத்தாளர் அவ்வாண்டில் வெளியிட்ட ‘ஆலிசு போன்றதோர் ஊர்’ என்னும் புதினத்தில், மலாயாவில் சப்பானியர் பிடியில் இருந்த ஆத்திரேலியர் பற்றிய பகுதியில் இது வருகிறது. அங்கே எழுத்துக்கூட்டு வேறு. ஈற்றில் ‘இ’, ‘ஆர்’ இரண்டும் இல்லை; ‘ஏ’ என்னும் ஓரெழுத்தே நிற்கிறது. இது சிறிய செய்தியன்று, அன்பர்களே. சூட்டு இச்சொல்லை ஏட்டில் கண்டிருந்தால் ஏட்டில் கண்டவாறே எழுதியிருப்பார். காதால் கேட்டதைக் கேட்டபடி எழுதினார். ஆகவே அக்காலத்தில் இது வாயில் மட்டும் வாழ்ந்த சொல். எழுத்தில் நிலைபெறாத சொல். இரண்டாம் உலகப்போரின்போது ஆத்திரேலியப் படையினரிடம் இது வழங்கியது என்று அந்நாட்டு அகரமுதலியார் கூறுவதற்கும் இது பொருந்தி வருகிறது.

இனிப் பிறப்பு. இதற்கு ஊரறிந்த கதை ஒன்றுண்டு. கப்பலின் மேல்தட்டில் நின்று கக்க வருபவன், கீழ்த்தட்டில் இருப்பவர்க்கு எச்சரிக்கையாக ‘வாட்சு அண்டர்’, அதாவது ‘கீழே பார்த்துக்கொள்’ என்று கூவுவானாம். அது சுருங்கிச் ‘சண்டர்’ ஆயிற்றாம். குற்றவாளிகளை ஏற்றிச்சென்ற கப்பல்களில் தோன்றியது என்றுகூடச் சிலர் கூட்டிச் சொல்வர். கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். ஆனால் கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து குற்றவாளிகள் ஆத்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டது 1788 முதல் 1868 வரை. அப்படியானால் கடைசிக் கப்பலுக்கும் சொல் முதன்முதலாக அச்சேறியதற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அத்தனை காலம் அச்சொல் எங்கே ஒளிந்திருந்தது? மேலும், எச்சரித்துக் கூவுபவன் ‘வாட்சு’ என்பதையன்றோ அழுத்திக் கூவுவான்? அழுத்தம் பெற்ற சொல் உதிர்ந்து, மெலிந்தது மட்டும் எஞ்சிற்று என்பது நம்பத்தக்கதாக இல்லை. குமட்டல் மேலிட்டவன் நின்று நிதானித்து ஒரு தொடரைக் கூவுகின்றான் என்பதும் எனக்கு விளங்கவில்லை!

வடஇங்கிலாந்து வட்டார வழக்கில் ‘சண்டர்’ என்ற வடிவத்தில் ஒரு சொல் உண்டு. அதன் பொருள் முணுமுணுத்தல். ஒலி ஒத்தாலும் பொருள் ஒட்டவில்லை. அதனை அவ்வளவில் விட்டுவிடலாம்.

அகரமுதலியார் பெரிதும் ஏற்பது வேறொன்று. சிட்னியில் வெளிவந்த ‘புல்லட்டின்’ என்னும் கிழமையிதழில் 1909 முதல் 1920 வரை ‘கோப்ரா’ என்னும் செருப்பு மெருகுக்கு விளம்பரம் வந்தது. படமும் பாட்டுமாக வந்த அவ்விளம்பரத்தின் நாயகன் பெயர் ‘ஆக்கிம் ஃபூவின் சண்டர் லூ’. அவனை முதலில் வரைந்தவர் நார்மன் இலிண்ட்சே என்னும் ஓவியர். பதினோராண்டுகள் ஒரு பெயர் விளம்பரத்தில் வந்துகொண்டே இருந்தால் குழந்தைக்கும் அது மனப்பாடமாகிவிடும் அன்றோ?

சரி, செருப்பு மெருகுக்கும் கக்கலுக்கும் என்ன உறவு? இங்கேதான் இலண்டன் கீழைப்பகுதி மக்கள் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த ஒரு வழக்கத்தை அறியவேண்டும். சொல்லக் கருதிய சொல்லுக்கு இயைபாக முடியும் ஓர் இருசொற்றொடரைச் சொல்லுவர். பின் இயைபுடைய ஈற்றையே விட்டுவிடுவர். மாடிப்படிக்கு ஆங்கிலத்தில் ‘சிடேர்சு’. அதற்கு இயைபாக ‘ஆப்பிளும் பேரியும்’ என்று பொருள்படும் ‘ஆப்பிள்சு அண்டு பேர்சு’ என்பர். பிறகு ‘ஆப்பிள்சு’ என்று மட்டும் சொல்லுவர். அறியாதவன் ‘ஆப்பிளில் ஏறிப் போனான்’ என்று கேட்டுத் திகைப்பான். இவ்விளையாட்டு ஆத்திரேலியாவிலும் பரவியது. கக்கலுக்குப் பழைய ஆங்கிலச்சொல் ‘சுபியூ’. அதற்கு இயைபு ‘சண்டர் லூ’. ‘லூ’ உதிர்ந்தது, ‘சண்டர்’ நின்றது.

ஆனாலும் நன்றாகக் குறித்துக் கொள்ளுங்கள். இதனைச் சொல்லும் அகரமுதலியாரும் ‘பெரும்பாலும்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தே சொல்கின்றனர். தம் மொழிச்சொல், தம் காலத்துச்சொல், அச்சுப்பொறி ஓயாது ஓடிய நூற்றாண்டின் சொல். அதற்கே அவர்கள் அறுதியிட்டுச் சொல்லத் தயங்குகின்றனர்.

இதில் நம்மவர்க்குச் சுவையான ஒரு கிளைச்செய்தி உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்தியப் பெயர்களை எழுதும்போது அகர ஒலிக்கு ‘யு’ எழுத்தை இட்டனர். ‘பஞ்சாப்’ என்பதை இன்றும் அப்படியே எழுதுகின்றனர். வங்காளத்துப் பங்கிம் சந்திரர், கேசவ் சந்திர சென் முதலியோர் பெயரிலுள்ள ‘சந்திர’ என்பது அக்கால ஆங்கில ஏடுகளில் இதே ஏழெழுத்தால்தான் எழுதப்பட்டது. செருப்பு மெருகுக்கு நல்லபாம்பின் பெயரை வைத்தவர்கள் அதன் நாயகனுக்கும் இந்தியச் சாயலில் பெயர் தேடினர் என்பது என் கருத்து. அவ்வாறாயின், வடமொழியார் நிலவுக்கு இட்ட பெயர் கடல்கடந்து குடிகாரன் கக்கலுக்குப் பெயராயிற்று! சொற்களின் ஊழ் இப்படியும் அமையும்.

சொல் பரவியதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பாரி அம்ஃபிரீசு என்னும் ஆத்திரேலிய நகைச்சுவையாளர் 1964 முதல் ‘பிரைவேட்டு ஐ’ என்னும் இலண்டன் இதழில் ‘பாரி மெக்கென்சி’ என்னும் படக்கதையை எழுதினார். அதன் நாயகன் ஓயாது குடிப்பான், ஓயாது சண்டுவான். கதை 1972இல் திரைப்படமாயிற்று. 1981இல் ‘மென் அட் ஒர்க்கு’ என்னும் இசைக்குழுவின் பாட்டிலும் இச்சொல் இடம்பெற்று, ஆத்திரேலியாவை அறியாதவர் காதிலும் விழுந்தது.

இனி நம் இளைஞரின் ‘சிந்து’. தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் புகவில்லையா? புகுந்தது. ‘கட்டுமரம்’ புகுந்தது, ‘சுருட்டு’ புகுந்தது, ‘மிளகுத்தண்ணீர்’ புகுந்தது. அவற்றிற்கு வழித்தடம் இருக்கிறது. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் கண்ட ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே தம் நூல்களில் எழுதி வைத்தனர். அவர்களுள் ஒருவரான தாம்பியர், ஆத்திரேலியக் கரையிலும் 1688இல் கால்வைத்தவர் என்பது ஒரு வியப்பு. கண்டவன் யார், எங்கே கண்டான், எந்த ஆண்டில் எழுதினான் என்ற மூன்றுக்கும் அங்கே விடை உண்டு. ‘சிந்து’வுக்கு எந்தத் தமிழன் எந்த ஆத்திரேலியனுக்குச் சொன்னான்? இகரம் அகரமானது எந்த நெறியால்? தகரம் டகரமானது எதனால்? ஒலி சற்றே ஒத்தது, பொருள் சற்றே ஒத்தது என்பது தவிர நம் கையில் ஒன்றுமில்லை. ‘வாட்சு அண்டர்’ கதைக்கும் அவ்வளவுதானே வலிமை? ஆங்கிலேயன் கதையை நகைத்துவிட்டு நம் கதையை மட்டும் அச்சிடுவதா? கட்டுமரத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாதவனுக்கு இந்தச் சிந்து ஒன்று போதும். இதைக் காட்டியே அதையும் தள்ளுவான்.

அவருக்கு வெறுங்கையாக விடை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆகவே உறுதியான செய்தி ஒன்றை எழுதினேன். ஆங்கிலத்தின் ‘வாமிட்டு’ இலத்தீன் ‘வொமெரெ’யினின்று வந்தது. அதனோடு ஒரே வேரினது சமற்கிருத ‘வம்’. அவ்வேரினின்று வந்ததே நாம் நாள்தோறும் மருத்துவரிடம் சொல்லும் ‘வாந்தி’. ஆங்கிலம் வேண்டாமென்று ‘வாமிட்டை’ விலக்கி ‘வாந்தி’ எடுப்பவன், அண்ணனை விட்டுத் தம்பியைப் பிடித்திருக்கின்றான். கக்கல், குமட்டல், உமட்டல், ஓங்கரிப்பு என்று நமக்கோ ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் இருக்கிறது. குமட்டல் வேறு, கக்கல் வேறு என்று நம் பாட்டிமார் பிரித்துச் சொன்னதை நாம் ‘வாந்தி’ ஒன்றில் போட்டு மூடிவிட்டோம்.

அந்த இளைஞர் இன்று பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். என் விடையில் அவருக்கு நிறைவில்லை என்று மறுமடல் எழுதியிருக்கின்றார். அவர் மேடைக்கு வந்து மறுக்கலாம். அவைத்தலைவர் இசைவு தருவார் என்று நம்புகிறேன். நான் அமர்கிறேன்.