தீட்டும் தூய்மையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் கழகம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறும் இந்நாளில் கல்வியின் சிறப்பைப் பேசுவோர் பலர் உளர். ஆகவே நாம் நோயைப் பற்றியும், அது நம் குடியிருப்புக்குள் நுழையும் வழியைப் பற்றியும் பேச எண்ணினோம். வயிற்றுப்போக்கால் பாயில் கிடக்கும் பிள்ளைக்கு நாம் நடத்தும் மாலை வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் பயன்படாது அல்லவா?

சுகாதாரம் பேச நம்மிடம் வருவோர் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றனர். குளியுங்கள், நகம் வெட்டுங்கள், தெருவைப் பெருக்குங்கள் என்கின்றனர். சொல்வதில் பிழையில்லை. ஆயினும் ஊரையும் பட்டணத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி வந்தவர்களுக்குப் பெருக்கக் கற்றுக்கொடுப்பது சற்று வேடிக்கைதான். தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து, உடலெல்லாம் கரியோடு வீடு திரும்புபவனுக்குக் குளிக்கத் தெரியாமலா இருக்கிறது? குளிக்க நீர் இருக்கிறதா என்பதே கேள்வி.

தீட்டு வேறு, தூய்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் இந்நாடு பட்ட கேடு கொஞ்சமன்று. 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். மலத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வாய்க்கும் நோய் செல்கிறது என்பது அன்றே தெளிவாயிற்று. அதற்கு 43 ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், மகாராட்டிரத்து மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று சவுதார் பொதுக்குளத்தின் நீரை அள்ளிப் பருகினார். பின்னர் சாதி இந்துக்கள் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். எவ்வாறு? குளத்து நீரை 108 குடங்களில் முகந்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதி மீண்டும் குளத்திலேயே விட்டனர். குடிநீரில் சாணத்தைக் கரைத்தவர் தூயர், கையால் அள்ளிக் குடித்தவர் அசுத்தர்! அந்நீரில் நமக்குள்ள உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல் உறுதிப்படுத்தியது.

மகாடுக்கு மூன்றாண்டு முன்னரே, 1924இல், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நம்மவர்க்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

இவை பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம்மவர் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் கூறவே, 26ஆம் நாள் இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். நீரில் மனித மலம் மிதந்தது. 2025 சனவரியில் காவல்துறை அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதனை அம்மக்கள் ஏற்கவில்லை. வழக்கின் போக்கு எதுவாயினும், நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. குழந்தைகள் படுக்கையில் விழும் வரை அத்தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் அறியவில்லை.

நம் காலனித் தொட்டியின் நிலை என்ன? ஏணிக்குப் பூட்டு உண்டா? மூடி மூடியிருக்கிறதா? கடைசியாகக் கழுவிய நாளைத் தொட்டிமேல் எழுதியிருக்கிறார்களா? குளோரின் கலந்தால் மட்டும் போதாது. தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாயிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். சோதனைக் குப்பியில் சிறிது நீர் பிடித்து மருந்துத் துளி விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை அது. கடைசிக் குழாய் பெரும்பாலும் நம் தெருவில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நம் வட்டத்துக் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகையில் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் தாகம் தீர்க்கக் கட்டப்பட்டது. நன்று. அந்நீர்த்தேக்கத்தின் அயலில் வாழும் நாம் நம் குழாயில் வருவது எந்த நீர் என்று கேட்பதில் தவறில்லை.

இனிக் கழிவறை. இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

அடி மூடிய ஒற்றைத் தொட்டியைக் கட்டினால் அது ஒருநாள் நிரம்பும். நிரம்பியதை எடுக்க யாரை அழைப்பர் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. தொட்டிக்குள் தங்கும் ஐதரசன் சல்பைடு நச்சு வாயு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வே அற்றுப்போகும். நாற்றமில்லை, பயமில்லை என்று இறங்கியவன் மயங்கி விழுகிறான், அவனை மீட்க இறங்கிய தம்பியும் உடன் மடிகிறான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி இத்தொட்டிகளுக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் உச்சநீதிமன்றம் விதித்த இழப்பீடு 2023இல் 30 இலட்சமாக உயர்ந்தது. தொகை உயரும் அளவுக்குச் சாவு குறையவில்லை.

ஆகவே நம் வீடுகளில் இரட்டைக் குழிக் கழிவறையே வேண்டும் என்கிறோம். ஒரு குழி நிரம்பியதும் அதனை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிட வேண்டும். அடைத்த குழியை இரண்டாண்டு தொடாமலிருந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற உரமாகிவிடும். வயலுக்கு எரு அள்ளுவது போல் வீட்டுக்காரரே அள்ளலாம். எவரும் எவருடைய மலத்தையும் தொடவேண்டியதில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் மழைக்காலத்து நிலத்தடி நீர் மேலேறி நிற்குமாதலால், அங்கே பொறியாளரைக் கேட்டுத் தரையை உயர்த்தியே கட்டுதல் வேண்டும். ஒப்பந்ததாரர் செலவைக் குறைக்க ஒரே குழியோடு நிறுத்திவிட்டுப் போவதும் உண்டு. இரண்டாவது குழியைக் கண்ணால் காணாமல் எவரும் கையொப்பம் இட வேண்டா.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீரை நிறுத்துவது பெருந்தவறு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1971இல் வங்காளத்து அகதி முகாமில் திலீப் மகாலனாபிசு என்னும் மருத்துவர் இத்தகைய உப்புச் சர்க்கரை நீரைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

இவற்றையெல்லாம் முடிவு செய்யும் இடம் ஊராட்சி அலுவலகம். நம் வட்டத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் கொடியேற்ற முடியாமற் போனதும், சில நாள்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றியதும் நாடறிந்த செய்தி. கொடிக்கம்பம் நிற்கும் அதே வளாகத்தில்தான் குடிநீர்த் தொட்டியின் பதிவேடும் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில், தமிழகமெங்கும் கிராமசபை கூடுகிறது. நம் கழகத்தில் படித்த பெண்பிள்ளைகள் காலனிக்கு இருவர் வீதம் அன்று சென்று, அப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, சபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். சோதனைக் குப்பிகளைக் கழகமே வாங்கித் தரலாம். அதற்கான தீர்மானத்தை இம்மேடையிலேயே நிறைவேற்றுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கிறோம்.