அன்புக்கு அறிவும் வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

உடலிற் பல கடுங்காயமுற்றோரைத் தீவிர சிகிச்சையிற் பேணுவது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நான் வைத்தியனல்லன், மாணவனே. ஆயினும் வன்னி மக்களுக்கு இப்பொருள் புதியதன்று. 2009 பெப்ரவரியிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையை விட்டு நீங்க நேர்ந்தபோது, காயமுற்றோர் புதுமாத்தளனிற் பாடசாலைக் கட்டிடத்திற் கிடத்தப்பட்டனர். அம்மாதம் முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவினர் காயமுற்றோர், நோயாளர், உறவினர் என 13,000 பேருக்கு மேற்பட்டோரைக் கடல்வழியே திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு சென்றனர். தீவிர சிகிச்சையின் அருமையை, அது கிட்டாத இடத்தில் நின்று அறிந்தவர்கள் நாம்.

இன்று போர் இல்லை. ஆனால் வீதி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மாங்குளம் வீதியில் ஓர் இளைஞன் விழுந்து கிடந்தால் நாம் செய்வது என்ன? நால்வர் ஓடிச்சென்று தூக்குவோம். கழுத்துத் தொங்கும். வாயில் தண்ணீர் ஊற்றுவோம். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றுவோம். எல்லாம் அன்பினாற் செய்வதே. ஆயினும் முறிந்த கழுத்தெலும்பு அன்பை அறியாது.

பல காயங்கள் உள்ளவரிடத்து நம் கண் முறிந்த காலையே நோக்கும். வைத்தியரோ முதலில் மூச்சுவழியைப் பார்ப்பார், அடுத்து மூச்சை, அதன்பின் குருதியோட்டத்தை. உரத்துக் கதறுபவனுக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவனையே முதலிற் கவனிக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் உறவினர், "இன்னும் ஏன் காலைச் சரிப்படுத்தவில்லை?" என்று சினப்பதுண்டு. காரணம் கேளுங்கள். குருதி பெருகினால் உடல் குளிரும். குருதியில் அமிலம் மிகும். அதனால் குருதி உறையாது. உறையாமையால் மேலும் பெருகும். இச்சுழலை அறுப்பதே முதல் வேலை. ஆகவே சத்திரவைத்தியர் சிலவேளை குருதிப் பெருக்கை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றவற்றைப் பின்னுக்கு வைப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் உடலைச் சூடாக்கி, குருதி ஏற்றி, இயந்திரத்தால் மூச்சை நடத்தி, ஓரிரு நாளின்பின் மீண்டும் சத்திரசிகிச்சை செய்வர். இடையில் நாடி, சிறுநீர், மூச்சு என்பவற்றை ஓயாது கணித்து, படுக்கைப்புண் வராமற் புரட்டிப் படுக்க வைப்பவர் தாதியர். கண்விழித்திருக்கும் மனிதரின்றி எந்த இயந்திரமும் உயிர் காப்பதில்லை.

இத்துறையின் பிறப்பிலேயே மாணவர் கை உண்டு. 1952 இல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, பலர் மூச்சுவிட இயலாது கிடந்தனர். போதிய இயந்திரங்கள் இல்லை. இப்சன் என்னும் வைத்தியர் தொண்டையிற் குழாய் பொருத்தி, பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்காக அப்பையை அமுக்கினர். அதன் பயனாகவே அடுத்த ஆண்டு அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது.

தோழர்களே! நம் கண்ணப்ப நாயனாரை நினையுங்கள். இறைவன் கண்ணிற் குருதி கண்டதும் அவர் முதலில் காட்டுக்கு ஓடிப் பச்சிலை தேடினார். அது பயன்படாதபோதே தம் கண்ணை ஈந்தார். மருந்தை அறிதலும் தன் உடலிலிருந்து ஈதலும் ஆகிய இரண்டும் அவர் அன்பில் அடங்கின.

நாமும் இரண்டு செய்வோம். முதலாவது, முதலுதவி பயில்வோம். விழுந்தவரின் தலையும் கழுத்தும் உடலும் நேராக அசையாதிருக்கப் பிடிப்போம். குருதி வடியும் இடத்தைத் துணியால் அழுத்துவோம். வாயில் எதுவும் ஊற்றோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்போம். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் உண்டு. வவுனியாவும் யாழ்ப்பாணமும் நமக்கு நெடுந்தூரம். அத்தூரத்தைத் தாங்கும் வலிமையை முதற் சில நிமிடங்களே தருகின்றன.

இரண்டாவது, உடல்நலமுள்ள, பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வோர் உறுப்பினரும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் இந்தக் கைகள் அதற்கும் நீளட்டும். பெரியோர்கள் பிள்ளைகளைத் தடுக்காது வாழ்த்தி அனுப்புமாறு பணிவுடன் வேண்டி அமைகின்றேன்.