கர்நாடகத்தின் பட்சபாதம்



சங்கீத விமர்சகன் பாடகருக்கு எவ்வளவு அருகில் அமரலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். அமெரிக்காவில் ஜான் லாண்டாவ் என்ற விமர்சகர், 1974இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் இளம் ராக் பாடகரின் நிகழ்ச்சியைக் கேட்டுப் பரவசமடைந்து, ராக் இசையின் வருங்காலத்தையே கண்டுவிட்டதாக எழுதினார்; மறு ஆண்டிலேயே அவருடைய இசைத்தட்டுத் தயாரிப்பில் பங்கேற்று, பின்னர் அவருக்கே மேலாளராகி, விமர்சனத் தொழிலுக்கு விடைகொடுத்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவரிடையே இதனினும் சிக்கலானதொரு சம்பவம் நிகழ்ந்திருக்கிறது. அதில் விமர்சகர் பேனாவைக் கீழே வைக்கவேயில்லை.

ரா. கிருஷ்ணமூர்த்தியை, அதாவது கல்கியை, நாவலாசிரியராகவே நம்மில் பெரும்பாலோர் அறிவோம். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியவரும் அவரே. சுரத்தையும் தாளத்தையும் கணக்குப் பார்த்து எழுதும் சாஸ்திரிய பாஷையை ஒதுக்கி, சாமானிய ரசிகனின் பாஷையில், நகைச்சுவை கலந்து எழுதினார். தமிழ்க் கீர்த்தனங்களைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிய வித்வான்களை அவர் சும்மா விடவில்லை. சென்னைச் சபாக்களில் மார்கழியில் பாடியதை, இங்கே மலாக்காவில் நம் தோட்டத்துக் கிராணியும் பள்ளி ஆசிரியரும், கப்பலில் வந்த பத்திரிகையைப் பிரித்துத்தான் கேட்டார்கள். கச்சேரியே கேளாதவனுக்கு விமர்சனமே கச்சேரி. ஆகவே எழுதுகிறவருடைய நேர்மை, சபாவில் சீட்டு வாங்கி அமர்ந்தவனைக் காட்டிலும், லயத்து வாசலில் விளக்கொளியில் படித்தவனுக்கே அதிகம் வேண்டியிருந்தது.

இனி, இந்த விமர்சகர் ஒரு பாடகியோடு கொண்ட சிநேகத்தின் கதைக்கு வருவோம். 1940 ஜூலையில், கல்கியின் நெருங்கிய நண்பரான டி. சதாசிவம் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியை மணந்தார். மறு ஆண்டில் கல்கி தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, விகடனையும் விட்டு விலகி, ஆகஸ்டில் சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதல், ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வேடம் தரித்து எம்.எஸ். பெற்ற ஊதியத்திலிருந்து வந்தது. விமர்சகருடைய பத்திரிகைக்கு, அவர் விமர்சிக்கவேண்டிய பாடகியே மூலதனம் தந்திருக்கிறார்! அந்த இதழ் பிறந்து ஆறு மாதம் நிறைவதற்குள், 1942 ஜனவரியில், ஜப்பானியப் படை மலாக்காவுக்குள் புகுந்தது; இந்தியக் கப்பலும் தபாலும் நின்றன. யுத்தம் முடிந்து பத்திரிகைகள் மீண்டும் வரத் தொடங்கியபோது நம் வாசகர் கண்ட கல்கி, 1945இல் வெளியான ‘மீரா’வில் எம்.எஸ். பாடுவதற்குப் பாட்டெழுதிக் கொடுத்து, அக்குடும்பத்தவராகவே ஆகிவிட்ட கல்கி.

ஆதலால் 1941க்குப் பிறகு எம்.எஸ். பாட்டைப் பற்றி அவர் எழுதியதை விமர்சனக் கணக்கில் சேர்க்க நான் ஒருப்படமாட்டேன். அது தங்கையின் அரங்கேற்றத்தைத் தமையன் வர்ணிப்பதைப் போன்றது, படிக்க இனிமையானது, சாட்சியத்துக்கு உதவாதது. ஆயினும் அந்த உறவில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. பத்திரிகையைப் புரட்டிய எவருக்கும் அது தெரிந்ததே. (நம் ஊர்க் கலை இரவுகளைப் பற்றி வரும் குறிப்புகளில், எழுதியவர் ஏற்பாட்டாளருக்கு என்ன முறை என்று யாராவது சொல்கிறார்களா?) இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மகாநாட்டையொட்டி, கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கோரிய தமிழிசை இயக்கத்தைப் பற்றி வாதம் மூண்டபோது, கல்கி வரிந்துகட்டிக்கொண்டு எழுதிய கட்டுரைகள் எவ்வளவு கூர்மையாக இருந்திருப்பினும், மேடையில் தமிழ்ப் பாட்டு நிற்குமா என்ற சந்தேகத்தைத் தர்க்கத்தினால் மட்டும் தீர்த்திருக்க இயலாது, எம்.எஸ். அந்த இயக்கத்தின் சார்பில் நின்று தமிழில் பாடியதே அதற்குப் பிரத்தியட்சமான பதிலாயிற்று. விமர்சகர் தம் நடுநிலையை இழந்த அதே இடத்தில், அவருடைய கட்சிக்கு ஒரு குரல் கிடைத்தது. இந்த வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், மற்றப் பாடகிகளுக்கு என்றே நான் சொல்வேன். அவர்களுக்கு வாரந்தோறும் வாதாட ஒரு கல்கி இல்லை.

கல்கி 1954 டிசம்பரில் காலமானார். எம்.எஸ். அதன் பிறகும் பல்லாண்டுகள் பாடினார். பிற்காலத்தில் அவருடன் மேடையில் அமர்ந்து பின்பாட்டுப் பாடியவர்களில் ஒருவர் கல்கியின் பேத்தி கௌரி ராம்நாராயண். அந்த அம்மையாரும் ஆங்கில நாளிதழில் இசையையும் நடனத்தையும் பற்றி எழுதி வந்த விமர்சகரே.